விதிகள் குழு முன்னால் ஒரு பாட்டு

உக்காருங்கம்மா. எந்திரிச்சு எந்திரிச்சு எட்டிப் பாத்தா மட்டும் தண்ணி வடிஞ்சிடுமா? கண்டக்டர்தான் சொல்லிட்டாரே, பாலத்துக்கு மேல முழங்கால் அளவு ஓடுதாம். வடிஞ்சாத்தான் வண்டி போகும். எனக்கும்தான் அவசரம். அக்கரையில சம்பந்தி வீட்டுல பேரனுக்குக் காது குத்து. நல்ல நேரத்துக்குள்ள நான் போய்ச் சேரலைன்னா அந்தம்மா ஒரு வருஷத்துக்குச் சொல்லிக் காட்டும்.

அந்தப் பொட்டலத்த மேல வைங்களேன், எவ்வளவு நேரம் மடியில வச்சிருப்பீங்க. பூவா? ஈரம் சொட்டுது பாருங்க. வேணாமா? சரி, உங்க இஷ்டம். கோயிலுக்கா? இப்படித் தலைய ஆட்டினா ஆமான்னு எடுத்துக்கறதா, இல்லைன்னு எடுத்துக்கறதா? வாயத் திறந்து சொல்லணும்மா. நான் வேலை பாத்த சபையில குரல் வாக்கெடுப்புன்னு ஒண்ணு உண்டு. சத்தம் போட்டவன்தான் கணக்கு. சும்மா இருந்தவன் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இந்தத் தரைப்பாலத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தம் உண்டு, தெரியுமா? மஞ்சப் பையோட உக்காந்திருக்கான் கிழவன்னு நினைக்காதீங்க. சபையில விதிகள் குழுவுக்கு நான்தான் அலுவலர். எந்தச் சபைன்னு மட்டும் கேக்காதீங்க. ரகசியம் காப்பேன்னு கையெழுத்துப் போட்டவன். ஓய்வு வாங்கினாலும் அந்த வாய்க்கட்டு உண்டு.

விதிகள் குழுன்னா என்னன்னு உங்களுக்கு மட்டுமில்ல, அதுல உறுப்பினரா இருந்த பாதிப் பேருக்கே தெரியாது. சபையில யார் எப்பப் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம், எதைப் பேசக்கூடாது, எப்ப எந்திரிக்கணும், எப்ப உக்காரணும், இதையெல்லாம் வகுத்துக் குடுக்குறது அந்தக் குழுதான். விதியில ஒரு புள்ளிய மாத்தணும்னாலும் அங்க வந்துதான் ஆகணும். கல்யாண வீட்டுல எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளையப் பாப்பாங்க. ஆனா பந்தி விசாரிக்கிறவன்னு ஒருத்தன் இருப்பான் பாருங்க. யாரை முதப் பந்தியில உக்கார வைக்கிறது, யாரை வாசல்லயே நிக்க வைக்கிறதுன்னு அவன் கையிலதான் இருக்கும். நான் அந்த ஆள். குழுவுக்குத் தலைவர் சபாநாயகர்தான், ஆனா சபாநாயகருங்க வருவாங்க போவாங்க. "நாகரத்தினம், இதுக்கு விதி என்னய்யா சொல்லுது?"ன்னு எல்லாரும் என்னைத்தான் கேக்கணும்.

அப்ப இந்தத் தொகுதியில ஜெயிச்சு வந்தவர் ஆதிமூலம். கேள்விப்பட்டிருப்பீங்களே. சுயேச்சை. கால்நடை ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்து ஓய்வு வாங்கினவர். ராத்திரி பகல் பாக்காம மாட்டுக்கு வைத்தியம் பாத்திருக்கார், அந்த நன்றிக்கு ஜனங்க ஓட்டுக் குத்தித் தள்ளிட்டாங்க. பாவம், அவருக்குத் திக்குவாய். கொஞ்சநஞ்சம் இல்ல. மாட்டுக்கிட்டப் பேசும்போது திக்காதாம், மனுஷன் முன்னால நின்னா போதும், கதவு சாத்தின மாதிரி ஆயிடும். அப்படிப்பட்ட மனுஷன் சபைக்கு ஏன் வரணும்? அதை யாரும் கேக்கல.

காலையில சபை கூடினதும் அவசரப் பிரச்சினைகளுக்குன்னு கொஞ்ச நேரம் ஒதுக்குவோம். சீட்டுப் போட்டு, குலுக்கல்ல பேர் வந்தவங்க ஆளுக்கு மூணு நிமிஷம் பேசலாம். எழுதிவச்சுப் படிக்கக்கூடாது. ஒருத்தருக்காக இன்னொருத்தர் பேசக்கூடாது. மூணு நிமிஷம் ஆச்சுன்னா மணி, மணி அடிச்சா மைக் அணைஞ்சிடும். அந்த மணி என் மேஜையில இருந்துச்சு.

முதத் தடவை ஆதிமூலம் பேர் வந்தப்ப இந்தப் பாலத்தப் பத்திப் பேச எந்திரிச்சார். பேச்ச ஆரம்பிக்கிறதுக்கு முன்னால மாண்புமிகு சபாநாயகர் அவர்களேன்னு விளிக்கணும்ல. அதுலயே மாட்டிக்கிட்டார். மானாவுல நின்னவர் நின்னவர்தான். உதடு ரெண்டும் ஒட்டிக்கிட்டு, கழுத்து நரம்பு புடைச்சு, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. பின் வரிசையில சில பேர் தொடையில தாளம் போட்டாங்க. அவர் சபாநாயகரக் கூப்பிட்டு முடிக்கவும் நான் மணி அடிக்கவும் சரியா இருந்துச்சு. சபையே சிரிச்சிடுச்சு. நானும் சிரிச்சேன், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கைய வாய்க்கு மேல வச்சு, மரியாதையாச் சிரிச்சேன்.

அந்த மனுஷன் அதோட விட்டிருக்கலாம். தினமும் சீட்டுப் போட்டார். தினமும் பாலம். சபாநாயகர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், இந்தாளால மத்தவங்க நேரம் வீணாகுது, திக்குறவனப் பேசாதேன்னு சொன்னா பத்திரிகைக்காரன் கிழிச்சிடுவான், என்னய்யா பண்றதுன்னு. நான் சொன்னேன், ஐயா, நாம எதுவும் பண்ண வேணாம், அவரே வருவார்னு.

வந்தார். ஒரு நாள் சாயங்காலம் என் அறைக்கே வந்துட்டார். உறுப்பினர் ஒருத்தர் அலுவலர் அறைக்கு வர்றதாவது. எந்திரிச்சு நின்னு என் நாற்காலியக் குடுத்தேன். என்னை அண்ணேன்னு கூப்பிட்டார். எனக்கு ஒரு பத்து நிமிஷம் வாங்கிக் குடுங்கண்ணே, ஐப்பசி பிறக்குறதுக்குள்ள சொல்லியாகணும்னார். அதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆச்சுங்கிறீங்க. நான் ஒரு தடவைகூட அவசரப்படுத்தல. டீ வரவழைச்சேன். விதியத் திருத்தணும்னு ஒரு அறிவிப்புக் குடுங்க, பேச்சுக் குறை உள்ளவங்களுக்குக் கூடுதல் நேரம்னு கேளுங்க, குழு பரிசீலிக்கும்னு வழி சொன்னேன். வாசகத்த நானே எழுதினேன். அவர் என் கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். அப்படி வந்த மனுஷன் பின்னால எனக்கு என்ன செஞ்சார்னு சொல்றேன், கேளுங்க.

மறுநாள் குலுக்கல்ல அவர் பேர் வந்துச்சு. நான் சபாநாயகர் காதுல ஒரு பழைய மரபச் சொன்னேன். ஒரு விதியத் திருத்தணும்னு கேட்டவர், குழு அறிக்கை வைக்கிற வரைக்கும் அந்த விதிய உபயோகிக்கக்கூடாது. தன் வழக்குக்குத் தானே தீர்ப்புச் சொல்ற மாதிரி ஆயிடும்ல. வெள்ளைக்காரன் காலத்துல யாரோ ஒருத்தர் சொன்ன தீர்ப்பு, எல்லாரும் மறந்துபோன சங்கதி. தூசி தட்டி எடுத்துக் குடுத்தது நான். அவ்வளவுதான், மூணு நிமிஷமும் போச்சு. சபாநாயகர் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பாத்தார் பாருங்க, அந்த வருஷமே எனக்குத் துணைச் செயலாளர் பதவி வந்துடுச்சு.

ஆதிமூலம் மூச்சு வாங்க ஓடி வந்தார். என்னண்ணே இதுங்கிறதுக்குள்ள வேர்த்து ஊத்திடுச்சு. நான் சமாதானமாத்தான் சொன்னேன். "பொறுங்க. குழு உக்காரட்டும். பாலம் எங்க ஓடியா போயிடும்?"னேன்.

இல்லம்மா, கண்டக்டர் விசில் இல்ல அது. பின்னால லாரிக்காரன். உக்காருங்க.

இன்னொரு அம்மா, எதிர்க்கட்சி உறுப்பினர், அவருக்குப் பதிலா நான் பாலத்தப் பத்திப் பேசுறேன்னு வந்துச்சு. ஒருத்தர் குடுத்த விஷயத்த அதே கூட்டத்தொடர்ல இன்னொருத்தர் எடுக்க முடியாதுன்னு விதிய எடுத்துக் காட்டினேன். விதிகளுக்கு முன்னால ஆளுங்கட்சி எதிர்க்கட்சி எல்லாம் ஒண்ணுதான் எனக்கு.

குழு உக்காந்துச்சு. அன்னைக்கு நடந்தது இருக்கே, அதை நினைச்சா இன்னைக்கும் சிரிப்பு வருது. ஏசி அறை, தட்டுல முந்திரி, பிஸ்கட்டு. ஆதிமூலத்தச் சாட்சி நாற்காலியில உக்கார வச்சாங்க. குறை எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே எவ்வளவு நேரம் குடுக்கலாம்னு முடிவு பண்ண முடியும், அதனால பேசிக் காட்டுங்கன்னாங்க. நியாயமான கேள்விதான். பேசினார். நான் கடிகாரத்தப் பாத்துக் குறிச்சேன். ஒருத்தர் மெதுவாச் சொல்லுங்கன்னார், ஒருத்தர் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுங்கன்னார், ஒருத்தர் வாயில முந்திரியப் போட்டுக்கிட்டுச் சொல்லிப் பாருங்கன்னார். அதையும் செஞ்சார் அந்த மனுஷன். எதுக்கும் மூணு நிமிஷத்துல ஒரு வாக்கியம் தாண்டல.

அப்பதான் ஒரு உறுப்பினர் சொன்னார், திக்குவாய்க்காரங்க பாட்டுப் பாடினா திக்காதாமே, பாடச் சொல்லுங்கய்யான்னு. சபாநாயகரும் சிரிச்சுக்கிட்டே, பாடுங்க ஆதிமூலம், இங்க எல்லாம் நம்ம ஆளுங்கதானேன்னார்.

அவர் என்னைப் பாத்தார். நான் தலைய ஆட்டினேன். தைரியம் குடுக்கத்தான்.

பாடினாரும்மா. வண்டிக்காரங்க மாட்டை ஓட்டிக்கிட்டுப் பாடுவாங்களே, அந்த மெட்டுல. ஒரு எழுத்து திக்கல. ஐப்பசியில தண்ணி பாலத்துக்கு மேல ஏறும்னு பாடினார். ஓரத்துல நட்ட கல்லுங்கள வச்சுத்தான் டிரைவர் வழி பாக்குறான், பாதிக் கல்லு ஏற்கெனவே சாஞ்சிடுச்சு, இன்னொரு வெள்ளம் வந்தா மிச்சமும் போயிடும், அக்கரைப் பிள்ளைங்களுக்கு இக்கரையிலதான் பள்ளிக்கூடம், அந்த வேன் இதுல விழுகத்தான் போகுதுன்னு பாடினார். வேன் கலரைக்கூடச் சொன்னார். முழுசா, ஆதியோடந்தமா, மூணு நிமிஷத்துக்குள்ள. முடிச்சதும் எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். நல்ல குரல்.

அப்புறம் பதிவு எழுதணும்ல. உறுப்பினர் தம் கருத்தைத் தடையின்றி வெளியிட வல்லவர் என்பதைக் குழு நேரில் கண்டது, சபையில் பாடுவதற்கு விதியில் இடமில்லை, எனவே பிற சபைகளின் நடைமுறையை ஆராய்ந்து முடிவெடுக்கலாம். நான்தான் எழுதினேன். யாருக்கும் மனசு நோகாம எழுதியிருக்கேன் பாருங்க.

வெளிய வந்தவர் கேட்டார், அதான் பாலத்தப் பத்தி எல்லாம் சொல்லிட்டேனே, நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பிடுவீங்கள்லன்னு. எனக்குச் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. குழு முன்னால சொன்ன சாட்சியம் அறிக்கை வைக்கிற வரைக்கும் வெளிய போகக்கூடாதும்மா. ரகசியம். அந்த அறையில இருந்த யாரும் அதைப் பத்தி மூச்சு விடக்கூடாது. அவரும் விடக்கூடாது. அதையும் பக்குவமா எடுத்துச் சொல்லி அனுப்பினேன்.

பிற சபைகளோட நடைமுறைய ஆராயணும்னா போய்ப் பாக்கணும்ல. குழு நாலஞ்சு ஊருக்குப் போச்சு. நானும் போனேன். மலை மேல ஒரு ஊர்ல நல்ல குளிர், என் சம்சாரத்துக்கு அங்கதான் சால்வை வாங்கினேன். நாங்க அங்க இருக்கும்போதுதான் இங்க அந்த வேன் தண்ணியோட போச்சு.

ஆமா, இதே இடம்தான். ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் என்ன பண்ண முடியும்? தண்ணி வர்றது என் கையிலயா இருக்கு? அதோ தெரியுதே ரெண்டு தூண், புதுப் பாலத்துக்குன்னு அப்புறம் நட்டது. அடிக்கல் விழாவுக்கு எனக்குக்கூட அழைப்பு வந்துச்சு. அதோட சரி.

சபை கூடினதும் இரங்கல் சொல்லணும். சபாநாயகர் பெருந்தன்மையா, மரபைத் தளர்த்தி, ஆதிமூலத்துக்கு மூணு நிமிஷம் குடுத்தார். வேன்ல போன பிள்ளைங்க பேரைச் சொல்லணும்னார். பேரை மட்டும் சொல்லிட்டு உக்காந்துடுறேன்னார். விளிக்கிறதுக்கு விலக்குக் குடுத்துடலாம், மாண்புமிகு வேணாம்னு யோசனை சொன்னதே நான்தான். அந்த அளவுக்கு நான் அவருக்காகப் பாத்தேன்.

எந்திரிச்சார். முதப் பேர். உதடு ஒட்டிக்கிச்சு. அன்னைக்கு யாரும் தாளம் போடல. பின்னாலேருந்து ஒருத்தர் மட்டும் "பாடுங்கண்ணே"ன்னார். கேலியாச் சொல்லலைன்னுதான் நினைக்கிறேன், உதவியாத்தான் சொன்னார். ஆதிமூலம் திரும்பி அவரைப் பாத்தார். பாடல. வாய மூடினபடியே நின்னார், கண்ணுலேருந்து தண்ணி ஓடுது. நான் கடிகாரத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். மூணு நிமிஷம் ஆனதுக்கு அப்புறமும் ஒரு மூச்சு விட்டுத்தான் அடிச்சேன். யாருக்கும் அப்படிச் செஞ்சதில்ல.

மைக் அணைஞ்சப்ப மேல பார்வையாளர் மாடத்துலேருந்து ஒரு பொம்பளக் குரல். இந்த ஊர் ஜனங்க சில பேர் வந்திருந்தாங்க. அந்தம்மா எந்திரிச்சு நின்னு, அவர் சொல்ல வந்த பேரைக் கத்திச் சொல்லிடுச்சு. ஒரே ஒரு தடவை. மாடத்துல இருக்கிறவங்க வாயத் திறந்தா சபை அவமதிப்பு. காவலர்ங்க பிடிச்சு வெளிய கொண்டுபோயிட்டாங்க. நல்லவேளை, எச்சரிச்சு விட்டுட்டோம். நடவடிக்கைக் குறிப்புல என்ன எழுதுறதுன்னு கேட்டாங்க. மாடத்துச் சத்தம் பதிவாகாது. அதனால, உறுப்பினர் பேசவில்லைன்னு எழுதச் சொன்னேன். அதுதானே உண்மை.

இப்ப சொல்லுங்க, இதுல நான் என்ன தப்புப் பண்ணேன்? சாயங்காலம் தாழ்வாரத்துல அவரைப் பாத்தேன். டீ சாப்பிடுங்கண்ணேன்னு நானே கூப்பிட்டேன். அண்ணேன்னு, நான் அவரை. என் முகத்தப் பாக்காமப் போயிட்டார். என் பொண்ணு கல்யாணத்துக்கு நேர்ல போய்ப் பத்திரிகை வச்சேன், வரல. அடுத்த தேர்தல்ல அவர் நிக்கவே இல்ல. அதுக்கப்புறம்தான் எங்க அறிக்கை வந்துச்சு. பேச்சுக் குறை உள்ள உறுப்பினருக்கு இரட்டிப்பு நேரம். ஒருமனதா நிறைவேறுச்சு. நான் எழுதின விதிகள்லயே அழகானது அதுதான். கண்ணாடி போட்டு வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கேன். ஒரு பிரதி அவருக்குப் பதிவுத் தபால்ல அனுப்பினேன். வாங்க மறுத்தார்னு எழுதித் திரும்பி வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்த விதிய உபயோகிக்க ஒரு திக்குவாய்க்காரரும் ஜெயிச்சு வரல, அது வேற விஷயம். ஆனா நன்றின்னு ஒண்ணு வேணாமா? அவர் போய்ச் சேந்துட்டாராம், போன வருஷம். கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல.

என்னது? கேக்கலைம்மா, சத்தமாச் சொல்லுங்க.

அவர் சொல்ல வந்த பேரா? அது ஏதோ பானாவுல வரும். பவானியோ, பார்வதியோ. மேலேருந்து அந்தம்மா கத்தினது காதுல விழுந்துச்சுதான், ஆனா பதிவுல இல்லாதது எனக்கு மனசுல தங்காது. தொழில் பழக்கம்.

பூங்கோதையா?

அதேதான். பூங்கோதை. சரியாச் சொன்னீங்க. உங்களுக்கு எப்படி...

ஏம்மா. அன்னைக்கு மாடத்துல நீங்களா?

சொல்லுங்கம்மா. அழாதீங்க, ஏதாவது சொல்லுங்க. உங்க பொண்ணா? நிதானமாச் சொல்லுங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க. இங்க மணி அடிக்க யாரும் இல்ல.

இருங்க, எங்க இறங்குறீங்க? பாலத்துல தண்ணி வடிஞ்சிடுச்சாம், கண்டக்டர் விசில் குடுத்துட்டார். கோயில் அந்தப் பக்கம் இல்லம்மா. பூவை எடுத்துக்கிட்டு அந்த ஆத்துத் தண்ணிக்குள்ள எங்க போறீங்க? கண்டக்டர், அந்தம்மாவப் பாருங்க, டிக்கெட் அக்கரை வரைக்கும் எடுத்திருக்கு.

போகுது பாருங்க. திரும்பிக்கூடப் பாக்கல. இவ்வளவு நேரம் மரியாதையாப் பேசிக்கிட்டு வந்தேன், ஒரு வார்த்தை, போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்து ஜனங்களே இப்படித்தான், அந்தாளும் இப்படித்தான்.

வாங்க சார், உக்காருங்க, இந்த இடம் காலிதான். சீட்டு கொஞ்சம் ஈரமா இருக்கும், துடைச்சிட்டு உக்காருங்க. எந்த ஊர் உங்களுக்கு?